ரங்கநாதன் தெரு மைக்கும் என் திருட்டுக் குரல்களும்

தொலைந்தவர்களைத் தேடித் தரும் வேலையில் முதலில் தொலைவது தொண்டைதான். ரங்கநாதன் தெருவில் ஒருமுறையாவது பிடித்த கையை நழுவவிட்ட உங்களுக்கு இது தெரியும். தீபாவளிக் கூட்டத்துக்காக அங்கே போட்ட போலீஸ் பூத்தில், ப்ளஸ் டூ படிக்கும் நான் தொண்டராக மைக் பிடித்தேன். யார் குரலையும் அப்படியே பேசுவேன். ஒரு சின்னப் பெண்ணை நான் ஏமாற்றிய கதைக்கு நிச்சயம் சிரிப்பீர்கள். ஆனால் அவளுக்கு முன்னால் மயிலாப்பூர் மாமா வந்துவிட்டார்.

அடையாளம்

மனைவியைக் காணோம் என்றார். பூத்தில் இருந்த ஏட்டம்மா பதிவேட்டில் பெயர், வயது எழுதினார். புடவை நிறத்தை மாமா மூன்று தடவை மாற்றினார். வேறு அடையாளம் கேட்டதும் நெடுநேரம் யோசித்தார். மாமி கிடைத்ததே அவர் கடைசியில் சொன்னதை வைத்துத்தான்: "என்னைத் திட்டிண்டே வருவா. அவதான்."

இன்ஸ்பெக்டர் குரல்

அடுத்து, பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் ஓர் அக்கா. ஐந்து வயது மகள் கனியைக் காணோம். ஏட்டம்மா போட்டோவை மற்ற பூத்துகளுக்கு அனுப்பி, மாம்பலம் ஸ்டேஷனுக்கும் வயர்லெஸ்ஸில் சொன்னார். நான் குஷியாக எங்கள் இன்ஸ்பெக்டரின் கரகரக் குரலில், கனி உடனே போலீஸ் பூத்துக்கு வரவும் என்று முழங்கினேன்.

அரை மணி ஆயிற்று. வரவில்லை. மகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. என் கையைப் பிடித்துக் காதோரம் காற்றாகச் சொன்னார்: "போலீஸ்னு சொல்லாத பாப்பா. சோறு துன்னலன்னா போலீஸ்ல புடிச்சிக் குடுத்துருவேன்னு நாந்தான் மெரட்டி வெச்சிகீறேன்."

அம்மா குரல்

மைக்கை அக்காவிடம் நீட்டினேன். காற்றுதான் வந்தது. அவர் கத்திய குரல் இன்னும் என் காதில் இருந்தது. மைக்கை வாங்கிக்கொண்டேன். "ஏ கனி, எங்கடி கீற? அம்மா மைக்காண்டதான் நின்னுகினுகீறேன். திட்டமாட்டேன், வாடி."

ஏட்டம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார்.

இரண்டு கடை தள்ளி, தொங்கிய நைட்டிகளுக்கு அடியிலிருந்து ஒரு ரோஸ் கவுன் வெளியே வந்தது. கால்களுக்குள் புகுந்து ஓடிவந்து என் துப்பட்டாவைப் பிடித்தது. அக்கா வாரி எடுத்து முத்தமாகக் கொடுத்தார். வாய் அசைந்தது, சத்தமில்லை. கனி அந்த வாயைப் பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"கூப்ட்டது எங்கம்மா இல்ல. நீதான்."

மாட்டிக்கொண்டதற்காக நான் சந்தோஷப்பட்டது இந்தக் குரல் திருடும் தொழிலில் அந்த ஒரு தடவைதான்.