நாற்பத்திரண்டு அடி

பதினாலு வருஷமாக நல்லதம்பி நிலத்தடி நீர் ஆபீஸுக்காகக் கிணறு அளந்தார். கறம்பக்குடிக்குக் கிழக்கே பதினோரு கிணறுகள். மாதா மாதம் இரும்பு நாடாவில் சாக்பீஸ் தடவி இறக்குவார். எந்த அடியில் நனைந்திருக்கிறதோ அதுவே நீர்மட்டம். காய்ச்சலோடு போய் அளந்திருக்கிறார். பதிவேட்டில் ஒரு மாதம்கூட கட்டம் காலியாக இருந்ததில்லை என்பதில் அவருக்குப் பெருமை. அந்தப் பெருமைதான் குடியைக் கெடுத்தது.

போன ஆடியில் மேட்டுக் கிணற்றுக்குள் விட்ட நாடா காய்ந்த சாக்பீஸோடு மேலே வந்தது. கிணறு வற்றிவிட்டது. ஆபீஸ் கொடுத்த செல்போனில் 'வறண்டது' என்று போட இடமில்லை. எண் போடாவிட்டால் அடுத்த பக்கம் நகரவும் இல்லை. சனியன் பிடித்த போன்! ஆபீஸுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கட்டம் காலியாகிவிடுமே என்று, கிணற்றின் மொத்த ஆழமான நாற்பத்திரண்டையே தட்டிவிட்டார். அடுத்த மாதமும் அதுவே. ஐப்பசி மழை ஏமாற்றிய பிறகும் அதுவே.

தை மாதம் அவர் தங்கை அமுதவல்லி வந்தாள். புருஷன் இல்லாதவள். பள்ளத்தில் ஊறும் ஊற்றை நம்பி அரைக் காணி மல்லிகை. செடி கிழடாகிவிட்டது, பிடுங்கிப் போட்டுவிட்டு திருப்பூருக்கு மகளிடம் போய்விடலாமா என்று கேட்டாள்.

"எங்கிட்டும் போவேணாம். ஆபீஸ் கம்ப்யூட்டரே ஊத்து வத்தாதுன்னு சொல்லுது. புதுக் கன்னு வை," என்றார் நல்லதம்பி. வைத்தாள்.

பங்குனியில் நல்லதம்பியை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். ஊற்று வற்றாது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்ட பொறியாளர் சுகுணா திரையில் ஒரு நீலக் கோட்டைக் காட்டினாள்.

"மேட்டுத் தண்ணிதாங்க மண்ணுக்குள்ள கசிஞ்சு பள்ளத்துல ஊத்தா வருது. ஊத்துக்கண்ணு, மேட்டுக் கெணத்து வாயிலருந்து நாப்பத்தஞ்சு அடி கீழ இருக்கு. ஒங்க கெணத்துல தண்ணி நாப்பத்திரண்டுலயே நிக்கிது. மூணு அடி ஒசரம் இருக்குல்ல, ஊத்து தப்பிச்சிரும். அத வச்சுத்தான் மேட்டுல ஒம்பது போர் போட அனுமதி குடுத்தாச்சு. போட்டும் முடிச்சிட்டாங்க."

"மேடம், அது தண்ணி இல்லீங்க. கெணத்தோட வெறுந் தரை," என்றார் நல்லதம்பி.

சுகுணா திரையிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள். "எப்பருந்துங்க?"

"ஆடியிலருந்து."

நேரே பள்ளத்துக்குப் போனார். ஊற்றில் கையகலச் சேறுதான் மிச்சம். அமுதவல்லி தெருக்குழாயிலிருந்து குடம் சுமந்து வந்து கன்றுகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் கருகிவிட்டன.

"வெயிலுக்குச் சுணங்குதுண்ணே. ஆபீஸுல வத்தாதுன்னு சொன்னாங்கல்ல, திரும்ப ஊறிரும்," என்றாள்.

அவளுடைய நம்பிக்கையை நல்லதம்பியால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "என்னயக் கன்னு வைக்கச் சொன்னப்ப, அந்தக் கெணறு காஞ்சு கெடந்தது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கம்ப்யூட்டரு சொன்னது, நீ போட்ட நம்பரத்தானா?"

அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

சித்திரையில் அமுதவல்லி திருப்பூருக்கு பஸ் ஏறினாள். பையைத் தூக்க நல்லதம்பி கை நீட்டினார். "நீங்க விடுங்க," என்றாள். பிறந்ததிலிருந்து அவரை 'நீ' என்றுதான் அவள் கூப்பிட்டிருந்தாள்.