ஐப்பசிக் குழி

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் தேவானந்தத்துக்கு மழை என்பது மண்ணுக்குள் நடக்கிற விஷயம். வானத்தை அவர் அதிகம் பார்ப்பதில்லை.

தை பிறந்தால் கடப்பாரை மண்ணில் பட்டுத் தெறிக்கும். சித்திரையில் இடியோடு கொட்டும் மழையை வெடித்த கரிசல் ஒரே மூச்சில் குடித்துவிடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று குடையைப் பிடுங்கும். சாரல் சட்டையை நனைக்கும், மண்ணுக்குள் இறங்காது. அப்போது வெட்டுவதுதான் சுகம். பூசை முடிந்து வரும் பெரியவர்களைச் சீண்டுவார்.

“ஏனுங்க, போறதுன்னா ஆடியில போயிருங்க. மெத்தையாட்ட வெட்டித் தாரேன். ஐப்பசியில வந்து என்ற உசுர வாங்காதீங்க.”

“உன்னைய அனுப்பிப்போட்டுத்தான்டா நாங்க போவோம்.”

ஐப்பசியில் மெர்சி போய்விட்டாள், அவர் மனைவி. காலையில் காப்பி டம்ளரை நீட்டிய கை அப்படியே தாழ்ந்தது.

அவளுக்கான இடம் முன்பே முடிவானது. தலைப்பிள்ளை பிறந்த அன்றே இறந்தபோது, கிழக்கு மதிலோரம் வேப்பமர நிழலில் அவரே இடம் பார்த்தார். அது மாசி மாதம். மண் புழுதியாகக் கிடந்தது. தோட்டத்திலேயே பள்ளமான மூலை அது என்று மழை வந்த பிறகுதான் தெரிந்தது. “என்னையும் அவன் பக்கத்துலயே போடுங்க” என்று மெர்சி சொல்லியிருந்தாள். அவள் அவரிடம் கேட்டவை குறைவு.

“சொந்த ஊட்டுக் குழிய நீங்க வெட்டக்கூடாதுங்கண்ணா” என்றார் கூட வேலை செய்யும் அழகிரிசாமி. தேவானந்தம் மண்வெட்டியைத் தரவில்லை. இடுப்பளவு போவதற்குள் சுவரில் தண்ணீர் கசிந்தது. கொஞ்ச நேரத்தில் முழங்காலைத் தொட்டது.

மகள் லின்சி பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் இன்ஜினியர். ஆட்டோவில் ஒரு பம்பைக் கொண்டுவந்து இறக்கி, ஹோஸை மாட்டி, ஓட்டினாள். தண்ணீர் வடிந்தது. மோட்டாரை நிறுத்தியதும் பழைய மட்டத்துக்கே ஏறியது.

“நிக்குமா கண்ணு?”

“நிக்காதுங்கப்பா. சுத்தியும் மண்ணு பூராத் தண்ணி. குழியவா எறைக்கறோம், நொய்யல் ஆத்தையே எறைச்சிட்டிருக்கோம்.”

“ரெண்டு நாள் பொறுத்தா?”

அவள் கைப்பேசியில் பார்த்தாள். வங்கக்கடலில் அடுத்த தாழ்வு நிலை உருவாகியிருந்தது. கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“மேட்டுல இடம் கெடக்குதுங்கண்ணா” என்றார் அழகிரிசாமி.

“அவ மேட்டையா கேட்டா?”

சாயங்காலம் குடைக்குள் நின்று கோயில் சாமியார் வேகமாகச் செபம் சொல்லிக் குழியை மந்திரித்தார். பம்பைத் தூக்கிவிட்டுப் பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள். தண்ணீரைத் தொட்டதும் கயிறு தளர்ந்தது. பெட்டி இறங்கவில்லை. மிதந்தது. ஒரு பக்கமாகத் திரும்பி மண்சுவரில் மெல்ல இடித்தது.

ஐப்பசிக் குழிகளில் இது நடக்கும். அதற்காகவே தேவானந்தம் தானாக ஒரு முறையை உண்டாக்கி வைத்திருந்தார். “மண்ணப் போட்டுக் கும்பிட்டுட்டு, திரும்பிப் பாக்காமப் போங்க. அதான் மொறைங்க” என்று வீட்டுக்காரர்களை அனுப்பிவிடுவார். எந்தக் கோயில் புத்தகத்திலும் அப்படி இல்லை. அவர்கள் கேட்டைத் தாண்டியதும் குழிக்குள் இறங்கி, பெட்டியின் மேல் ஏறி நிற்பார். அது அமிழும். கால்களைச் சுற்றி அழகிரிசாமி மண்ணைத் தள்ளுவார். கனம் ஏறிய பிறகு இவர் மேலே வருவார்.

இன்றும் கால் தானாக இறங்கிவிட்டது. ஒரு பாதத்தை மூடியின்மேல் வைத்தார். பெட்டி தாழ்ந்தது, தண்ணீர் பலகையின்மேல் ஏறியது. பாதத்தை எடுத்தார். பெட்டி மேலே வந்தது. மறுபடி வைக்க முடியவில்லை. இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். கைக்கு அது அடங்கவில்லை.

அழகிரிசாமி ஊராரை அனுப்பிவிட்டு, அவர்களோடு தள்ளி நின்ற லின்சியை அழைத்து வந்து, குழியின் விளிம்பில் கைநீட்டினார்.

“மேல வாங்கண்ணா.”

வந்தார்.

“கும்பிட்டுட்டுக் கேட்டுப் பக்கம் போங்க. லின்சி, அப்பாவக் கூட்டிட்டுப் போ அம்மணி. ரெண்டு பேரும் திரும்பிப் பாக்கக்கூடாது.”

“ஏனுங்கப்பா, அப்புடி ஒரு மொறையா?” என்று நடந்துகொண்டே கேட்டாள் லின்சி.

“மொறைதான் கண்ணு. நட.”

பின்னால் தண்ணீருக்குள் ஓர் ஆள் இறங்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிவிடாதபடி தேவானந்தம் அவள் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.