மூன்று வருடச் சீட்டு

அன்று மாடி அறையில் இருந்தவர்கள்: முதலாளி. புரோகிராம் எழுதும் பெண். மிஷின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டும் மெக்கானிக். அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டும் நான். பம்மலில் அதுதான் எங்கள் கம்பெனி. மளிகைக் கடைகளுக்கு பில் போடும் மிஷின் செய்தோம்.

அந்தப் பெண் ஒரு சீட்டு அச்சடித்துக்கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொரு பெட்டியிலும் போட வேண்டும் என்றாள். மிஷினுக்குள் ஓடும் புரோகிராமில் பாதிதான் அவள் எழுதியது. மீதி, வெளிநாட்டில் யார் யாரோ எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டது. விற்கலாம், லாபம் பார்க்கலாம். ஆனால் உள்ளே எழுதியிருப்பதைக் கேட்கிறவருக்குக் கொடுக்க வேண்டும். அது அவர்கள் போட்ட நிபந்தனை. பெட்டியோடு அதைப் பதிந்த சிடி வைக்க வேண்டும். இல்லாவிட்டால், எழுதிக் கேட்டால் அனுப்புகிறோம் என்று விலாசத்தோடு சீட்டு வைக்க வேண்டும். விற்ற நாளிலிருந்து மூன்று வருடம் அந்தச் சீட்டு செல்லும், அது யார் கையில் இருந்தாலும்.

"எவன் கேக்கப் போறான்?" என்றார் முதலாளி.

"கேக்கலன்னாலும் போடணும் சார்."

"நீ எழுதினதையுமா குடுக்கணும்?"

"ரெண்டும் ஒண்ணா சேந்துதானே சார் ஓடுது."

மெக்கானிக் சிரித்தான். "ஓசில குடுத்தவன் ரொம்ப உஷாரு சார்."

முதலாளி என்னைப் பார்த்தார். "சீட்டையே போட்டுடுப்பா."

போட்டேன்.

இரண்டு வருடத்தில் கம்பெனி மூடியது. மெக்கானிக் அம்பத்தூர் போனான். அந்தப் பெண் கல்யாணமாகி பெங்களூர் போனாள். போகும்போது ஒரு டப்பா நிறைய சிடி வைத்துவிட்டுப் போனாள். மாடி முதலாளியுடையது. வாடகை வேண்டாம், இங்கேயே இரு, யாராவது கேட்டால் அனுப்பு என்றார். கடைசிப் பெட்டி விற்றது மார்கழியில். அதிலிருந்து மூன்று வருடம்.

நான் எட்டாவதோடு நின்றவன். சிடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. உறைமேல் விலாசம் எழுதத் தெரியும்.

அடுத்த தெருவில் தோல் கையுறைப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். தபால்காரர் வருவது சாப்பாட்டு நேரத்தில். மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவேன். நான் கேட்பதற்கு முன்பே, "ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டுப் போவார். சில நாள் என்னிடம் பேசியவர் அவர் ஒருவர்தான்.

இரண்டாம் வருடம் ஈரோட்டிலிருந்து கடிதம் வந்தது. காலேஜ் வாத்தியார். அன்றே ரிஜிஸ்டர் தபாலில் சிடி அனுப்பினேன். அவர் கையெழுத்துப் போட்ட அட்டை திரும்பி வந்தது. வேறு பதில் இல்லை.

மூன்றாம் வருடம் ஆவணியில் அண்ணன் வந்தான். எங்களுக்குக் கோவளம் பக்கம். அவன் மீன் படகில் ஓர் ஆள் குறைந்திருந்தது, என்னைக் கூப்பிட்டான்.

"இன்னாடா, லெட்டருக்கா குந்திகினு கீற?"

"சீட்டுல இந்த விலாசம்தான் கீதுண்ணா."

"போஸ்ட்மேன் கைல சொல்லிட்டு வா."

"அவரு மாறிப் போய்ட்டாருன்னா?"

அண்ணன் எழுந்துகொண்டான். "தை வரிக்கும் உன் எடத்த வெச்சிகினு இருப்பேன். அப்பால வேற ஆள போட்டுடுவேன்."

மார்கழியில் முடிந்துவிடும். வருகிறேன் என்றேன்.

ஐப்பசியில் நல்ல மழை. ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் வந்தார். அவர் மிஷினில் தண்ணீர் புகுந்துவிட்டது. அலமாரியில் மாதிரிக்கு வைத்திருந்த ஒன்றைக் காட்டி, "அதக் குடுங்கண்ணா, கையால பில் போட்டு பேஜாரா இருக்கு" என்றார். முதலாளிக்குப் போன் செய்தேன். குடுத்துடு என்றார். கைப்பழக்கம். பெட்டியில் வைத்து, சீட்டும் போட்டு, ஒட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் எஸ்டிடி பூத்திலிருந்து அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"சிடி வெச்சீங்களாண்ணா?"

"இல்லம்மா. சீட்டுதான்."

"சிடி வெச்சிருந்தா அதோட முடிஞ்சிருக்கும்ணா. சீட்டுன்னா, இன்னும் மூணு வருஷம்."

சிடியை எடுத்துக்கொண்டு ஊரப்பாக்கம் போனேன். சீட்டை வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பு.

"அந்தச் சீட்டா?" என்றார் கடைக்காரர். "நல்ல பேப்பரா இருந்துதுண்ணா. பெருங்காயம் மடிச்சிக் குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"நல்லா கேட்டீங்க. எத்தினி பேரு வராங்க, யாருன்னு சொல்றது?"

சிடியை அவரிடமே கொடுத்தேன். அதில் முகம் பார்த்தார். நான் வெளியே வந்தேன். கடைவாசலில் பொட்டலத்தோடு போகிறவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சீட்டு யார் வீட்டிலோ இருக்கிறது. அதில் நாங்கள் எழுதியிருப்பது இன்னும் மூன்று வருடம் செல்லும்.

ஸ்டேஷன் பக்கத்தில் காசு போடும் போனில் ஒரு ரூபாய் போட்டு அண்ணனிடம் பேசினேன்.

"வேற ஆள போட்டுக்கண்ணா."

அவன் திட்டவில்லை. "சரி" என்று வைத்துவிட்டான். தையில் மைத்துனனை ஏற்றிக்கொண்டான்.

நான் மாடியிலேயே இருந்தேன். அந்த மூன்று வருடமும் முடிந்த அன்று கதவைப் பூட்டி, சாவியை முதலாளி வீட்டில் கொடுத்தேன். எல்லாம் சேர்த்து ஆறு வருடத்துக்கு இரண்டு மாதம் குறைவு. வந்த கடிதம், ஒன்று.