பூட்டிய வீட்டுக்குள் எழுதிய அத்தியாயம்

என் பெயரில் அச்சான முதல் விஞ்ஞானக் கதைகளை நான் எழுதவில்லை. என் வீட்டுக்காரர் எழுதினார். அந்தக் காலத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. பெண்டாட்டி பெயரைப் போட்டுக்கொண்டு எழுதுவது எழுத்தாளர்களுக்குள் ஒரு பழக்கமாகவே இருந்தது. சிலர் பிரியத்தில் செய்தார்கள். சிலர், பெண் பெயரைப் பார்த்தால் பத்திரிகை ஆசிரியர் கொஞ்சம் இரங்குவார் என்று செய்தார்கள். என் வீட்டுக்காரர் பயத்தில் செய்தார். அவர் சர்க்கார் குமாஸ்தா. மேலிடத்து அனுமதி இல்லாமல் பத்திரிகைக்கு எழுதினால் வேலை போய்விடும். அதனால் சுக்கிரனிலிருந்து பறக்கும் கப்பலில் வருகிறவர்களைப் பற்றி வாராவாரம் எழுதுவது நான்தான் என்று, பத்திரிகை ஆபீஸைத் தவிர, ஊரே நம்பியது. சாந்தோம் மாதா கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனால், முக்காட்டுக்குள்ளிருந்து பெண்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

நான் செய்தது படி எடுக்கிற வேலை மட்டும். அவர் கையெழுத்து கோழி கிளறினது போல் இருக்கும். அச்சுக்கோப்பவர்கள் அழாத குறையாகக் கெஞ்சிய பிறகு, அவர் எழுதியதை நான் நல்ல தாளில் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். அரிசியில் கல் பொறுக்குவது போலத்தான். கண் வேலை செய்யும், மனசு வேறெங்கோ இருக்கும். கதை என்னவென்று யாராவது கேட்டால் முழுசாகச் சொல்லத் தெரியாது.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பறக்கும் கப்பல் பொய்யாக இருக்கலாம், ஆனால் அது இறங்குகிற இடம் பொய்யாக இருக்கக் கூடாது என்பார். கப்பலை அடையாறு முகத்துவாரத்தில் இறக்குவது என்று முடிவானதும், பூசை முடிந்த கையோடு என்னையும் அங்கே இழுத்துக்கொண்டு போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். எங்கே முழங்கால் ஆழம், எங்கே இடுப்பு, எந்தப் பக்கம் மணல் கெட்டி என்று கத்திக் கத்திச் சொன்னார். நான் கரையில் அவருடைய செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊரூர்க் குப்பத்து வலைக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அதையெல்லாம் ஒன்று விடாமல் கதையில் எழுதினார். நானும் ஒன்று விடாமல் படி எடுத்தேன்.

அவர் வேலை பார்த்தது சர்க்காருக்காகக் கடற்கரை வரைபடங்கள் தயாரித்து வைக்கிற ஆபீஸ். அதை அப்போது இரண்டு பேருமே நினைத்துப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்ததும் பட்டணம் கலைந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான், கப்பல் கிளம்பிவிட்டது, இன்றைக்கு, நாளைக்கு என்று பேச்சு. எங்கள் தெருவில் பாய், பாத்திரம், ஆட்டுரல் வரை வண்டியில் ஏறியது. எக்மோரில் ரயிலுக்குள் ஜன்னல் வழியாக ஆட்களைத் தள்ளினார்களாம். என் வீட்டுக்காரரின் ஆபீஸையும் கடலை விட்டுத் தள்ளி ஒரு வெளியூருக்கு மாற்றினார்கள். குமாஸ்தாக்களுக்கு அங்கே ஒரு சத்திரத்தில் படுக்க இடம், குடும்பத்துக்கு இடமில்லை.

"நீ திருச்சிக்கு உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடு" என்றார்.

"குண்டு ஒரு தடவைதான் விழும். அண்ணி வாய் தினமும் விழும்" என்றேன்.

வீம்பாகத்தான் சொன்னேன். உள்ளுக்குள் உதறல். அவர் யோசித்து ஒரு ஏற்பாடு செய்தார். விஞ்ஞானக் கதைக்காரனுக்குத்தான் அப்படி ஒரு யோசனை வரும். வாசல் கதவை வெளியிலிருந்து பெரிய பூட்டாகப் போட்டுப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். தெரு முழுக்கப் பூட்டு, இந்த வீட்டிலும் பூட்டு, உள்ளே ஒரு பெண்பிள்ளை தனியாக இருப்பது ஒருவருக்கும் தெரியாது என்றார். நான் கொல்லைக் கதவு வழியாக சந்தில் போய் வந்துகொள்ள வேண்டியது. அடுத்த அத்தியாயத்தை, ஆபீஸ் ஆள் யாராவது பட்டணம் வரும்போது கொடுத்தனுப்புவதாகச் சொல்லிவிட்டு ரயிலேறினார்.

வெளியிலிருந்து பூட்டிய வீட்டுக்குள் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். சத்தம் போடக் கூடாது, புகை வரக் கூடாது, இருமக் கூடாது. ஜன்னலில் கறுப்புக் காகிதம். பகலிலேயே வீடு இருட்டு. தெருவில் நாய்களும் இல்லை. அவற்றுக்குச் சோறு போட்டவர்கள் போய்விட்டார்கள். தூரத்தில் எது சத்தம் போட்டாலும் அபாயச் சங்கு என்று நினைத்து மேஜைக்கடியில் போய் உட்காருவேன். ஜெபமாலையைக் கையிலிருந்து இறக்கவில்லை. எத்தனையாவது மணியில் இருக்கிறேன் என்பது அடிக்கடி மறந்துபோகும்.

ஒரு மத்தியானம் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டு வாசலில் நின்றது. யாரோ பூட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். அது கதவில் மோதின சத்தம் என் வயிற்றுக்குள் கேட்டது.

"பூட்டிகீது சார்" என்றது ஒரு குரல்.

"பின்னால போய்ப் பாரு" என்றது இன்னொரு குரல்.

அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு அடுக்களை மூலையில் நின்றேன். கொல்லைக் கதவில் ஒரு கான்ஸ்டபிளின் தலைப்பாகை தெரிந்தது. அவர் என்னைவிட அதிகமாகப் பயந்துபோய்க் கத்தினார். "சார், உள்ள ஒரு அம்மா கீறாங்க சார்! கையில அருவாமணை வச்சினுகீறாங்க!"

பின்னால் வந்தவர் மப்டியில் இருந்த அதிகாரி. நிதானமான மனுஷர். அந்த நிதானம்தான் என்னைக் கலக்கிற்று. உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார். அவர் கையில் எங்கள் பத்திரிகை இருந்தது. என் பெயரின் மேல் விரலை வைத்தார்.

"இது நீங்கதானா?"

"நான்தான்." அது வரைக்கும் உண்மை.

"முன்னால பூட்டு, உள்ள ஆளு. யாரும்மா பூட்டினது?"

"வீட்டுக்காரர். தனியா இருக்கேன்னு தெரிய வேணாம்னு."

"அவர் எங்க?"

"ஆபீஸோட போயிருக்கார்."

எந்த ஆபீஸ் என்று கேட்டார். சொன்னேன். சொல்லாமல் விட்டால் இன்னும் மோசம். அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்த பார்வையில், என் வீட்டுக்காரரின் கையில் விலங்கு மாட்டியாகிவிட்டது என்றே எனக்குத் தோன்றியது. யுத்த காலம். ஆபீஸ் வரைபடத்தைப் பார்த்துக் கடற்கரை விவரத்தைப் பத்திரிகையில் எழுதினான் என்றால் வேலை போவதோடு நிற்காது.

"எங்க தண்ணி ஆழம், எங்க இறங்கலாம், எந்தப் பக்கம் மணல் கெட்டி, எல்லாம் இதுல இருக்கு" என்றார். "இதெல்லாம் பொம்பளைங்களுக்குத் தெரியற விஷயமா?"

பயத்தோடு எனக்குக் கோபமும் வந்துவிட்டது. அன்றைக்கு அதுதான் காப்பாற்றியது.

"ஏன், பொம்பளைக்குக் காலில்லையா? நான்தான் இறங்கிப் பாத்தேன். அவர் கரையில என் செருப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். குப்பத்துல கேட்டுப் பாருங்க, எல்லாரும் சிரிச்சாங்க."

பொய் சொல்லாதே என்ற எட்டாம் கட்டளையை மீறிவிட்டேன் என்று சொல்லும்போதே தெரிந்தது. கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை.

"சரி. அடுத்த வாரம் என்ன வரும்? சொல்லுங்க."

எனக்குத் தெரியாது. அடுத்த அத்தியாயம் என் வீட்டுக்காரரின் தலையில் இருந்தது, தலை எங்கேயோ ஒரு சத்திரத்தில் இருந்தது. எழுதினவளுக்குத் தெரியாதா என்று இந்த மனுஷர் இன்னும் ஒரு நிமிஷத்தில் கேட்பார். பிறகு யார் எழுதினது என்று கேட்பார். வாசல் பக்கம் பார்த்தேன். கதவிடுக்கில் அந்தப் பூட்டின் நிழல் தெரிந்தது.

"வந்தவங்க ஊருக்குள்ள வர்றாங்க" என்றேன். "ஊர்ல யாருமில்ல. எல்லா வீடும் பூட்டியிருக்கு."

"ம்."

"அவங்க ஊர்ல பூட்டுன்னு ஒண்ணு கிடையாது. அவங்க பாத்ததே இல்ல. அதனால இந்த ஊர் ஜனங்க இவங்கதான்னு நினைச்சுக்கறாங்க."

"யாரு? பூட்டா?"

"ஆமா. கதவுக்கு ஒருத்தர். குள்ளமா, இரும்பு உடம்பு. கதவைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறாங்க, எது கேட்டாலும் வாயே திறக்க மாட்டேங்கறாங்க. நம்மளப் பாத்து பயந்துட்டாங்க போலன்னு வந்தவங்க வீடு வீடாப் போய்த் தொட்டுத் தொட்டு சமாதானம் சொல்றாங்க. அவங்களுக்கும் பயம். ஒரு பூட்டும் பதில் சொல்லல."

அதிகாரியின் கை கால்சட்டைப் பைக்குள் போயிருந்தது. சாவிக் கொத்து உரசுகிற சத்தம் கேட்டது. "என் வீடும் சைதாப்பேட்டையில பூட்டித்தான் கிடக்கு" என்றார், யாரிடமோ சொல்வதுபோல். "பிள்ளைங்கள தஞ்சாவூருக்கு அனுப்பிட்டேன்."

நான் நிறுத்த முடியாமல் தொடர்ந்தேன். "ஒரு வீட்டுல மட்டும் உள்ள ஒரு பொம்பள இருக்கா. வெளியில அவங்க பூட்டைத் தொடற சத்தம் அவளுக்குக் கேக்குது."

"அவளை என்ன பண்ணுவாங்க?"

"எனக்கு இன்னும் தெரியல சார்" என்றேன். அன்றைக்கு நான் சொன்னதிலேயே பெரிய உண்மை அதுதான்.

அவர் எழுந்தார். "இனிமே ஊர் பேரு, ஆத்துப் பேரு எதுவும் வேணாம். வெள்ளிக்கிழமை பத்திரிகைய நான் பாப்பேன். இப்ப சொன்னதுதான் அதுல இருக்கணும். வேற ஏதாவது இருந்தா உங்க வீட்டுக்காரரைத்தான் கூப்பிட்டு விசாரிக்கணும்."

அவர்கள் போனதும் கொல்லைக் கதவைத் தாழிட்டேன். தரையில் உட்கார்ந்தபடியே தாளை எடுத்தேன். எப்படி எழுதுவது என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. சொன்னது மறந்துவிடுமோ என்ற பயம் ஒன்றுதான் இருந்தது. வாசகம் வாசகமாக இறக்கினேன். பூட்டைத் தொடுகிற இடம் வந்தபோது நிறுத்தினேன். எழுந்துபோய்க் கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்து எழுதினேன்.

காலையில் தியாகராய நகருக்கு நடந்தேன். பஸ் வருவதாகத் தெரியவில்லை. லஸ், ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை என்று வழி நெடுகப் பூட்டுகள். அவை என்னைப் பார்ப்பது போல இருந்தது. நானே கட்டிவிட்ட கதை என்னையே மிரட்டிற்று.

அச்சாபீஸில் ஆசிரியர் என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்கம்மா. போலீஸ்ல உங்க விலாசம் கேட்டாங்க, குடுத்துட்டேன், தப்பா நினைக்காதீங்க" என்றார். பிறகு, "நேத்துதான் அத்தியாயம் வந்தது. உங்க வீட்டுக்காரர் ஆபீஸ் ஆளு நேரா இங்கயே கொண்டுவந்துட்டார். கண்ணைச் சுத்துது. நீங்க படி எடுத்துக் குடுத்தா கோத்துடலாம்" என்றார்.

மேஜைமேல், எல்லோரும் போகிற வருகிற இடத்தில், என் வீட்டுக்காரரின் கோழிக் கிளறல் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். சுக்கிரன்காரர்கள் துறைமுகத்துக்குப் போகிறார்கள். எந்த மேடையில் எந்தக் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தலாம் என்று இரண்டு பக்கம். அதை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு என் தாள்களை நீட்டினேன்.

ஆசிரியர் நின்றுகொண்டே படித்தார். முதல் பக்கம் முடிந்ததும் உட்கார்ந்தார். முடித்துவிட்டு, "இது அவர் எழுதினது இல்லையே அம்மா" என்றார்.

"பேர் சரியாத்தானே இருக்கு?" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் துறைமுகம் அடுப்புக்குள் போனது. வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. அன்று முழுவதும் வாசல் பூட்டையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவரும் அதைத் தொடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் தொட்டார்கள். இந்தத் தடவை சாவி திரும்புகிற சத்தமும் கேட்டது. அரிவாள்மணையோடு நின்றேன். கதவு திறந்தது. கையில் பையோடு என் வீட்டுக்காரர்.

ரயிலடியிலேயே பத்திரிகை வாங்கிப் படித்திருக்கிறார். முகம் சிவந்திருந்தது.

"என் அத்தியாயம் எங்க?"

"அடுப்புல."

எல்லாவற்றையும் சொன்னேன். மாற்றிச் சொன்ன செருப்பைப் பற்றியும் சொன்னேன். அவர் அப்படியே நடையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தால் டம்ளர் பல்லில் தட்டியது. இத்தனை நாள் நான் தனியாகப் பட்ட பயத்தை அவர் பத்து நிமிஷத்தில் பட்டார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஒரு பக்கம் திருப்தியாகவும் இருந்தது.

கொஞ்சம் தெளிந்ததும் பத்திரிகையை மறுபடி எடுத்தார். "பூட்டை ஆளுன்னு நினைக்கறதுக்கு விஞ்ஞானத்துல என்ன ஆதாரம்?"

"ஒண்ணும் கிடையாது."

கடைசிப் பக்கத்தை இன்னொரு தரம் படித்தார். "அந்தப் பொம்பள ஏன் உள்ளயே உக்காந்துகிட்டிருக்கா? கதவைத் திறந்துகிட்டு வர வேண்டியதுதானே?"

"எப்படி வருவா? சாவி உங்க கையிலதானே இருந்தது?"

சாவி அப்போதும் அவர் கையில்தான் இருந்தது. அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

மறுநாள் அவர் ஆபீஸ் இருக்கிற ஊருக்குக் கிளம்பும்போது, பழக்கத்தில் பூட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் அவரைப் பார்த்தேன். திரும்பி வந்து பூட்டையும் சாவியையும் மேஜைமேல் மைப்புட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். "கதையை நீயே முடி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவை உள்ளிருந்து தாழ் போட்டேன். பயம் கொஞ்சமும் போகவில்லை. அந்தப் பயத்தோடேயே உட்கார்ந்து அடுத்த வரியை எழுதினேன். உள்ளே இருந்த பெண் கதவைத் தட்டினாள். வெளியே நின்றவர்கள், கடைசியில் ஒரு பூட்டு பேசிவிட்டது என்று எண்ணி, இன்னும் நெருங்கி வந்து காது கொடுத்துக் கேட்டார்கள்.