ஆகஸ்ட் 18-க்கு ஒரு சண்டையும் எழுதாத டைரி

செப்டம்பர் 5-ஆம் தேதி குவைத்துக்குத் திரும்ப எனக்கு டிக்கெட் போட்டாயிற்று. நர்ஸ் வேலை. அடுத்த நீண்ட லீவு இரண்டு வருஷம் கழித்துத்தான். இந்த லீவுக்குள் கல்யாணம் முடியாவிட்டால் இனிக் காத்திருக்க முடியாது என்று மாப்பிள்ளை ஜெபினின் அம்மா சொல்லிவிட்டார். மாப்பிள்ளை தயார், சேலை தயார், தேதிதான் இல்லை. காரணம் என் அப்பா. ஜூலை 31 அன்று நான் குளச்சல் போனதும் அவரால்தான்.

நாங்கள் நாகர்கோவில் சபைக்காரர்கள். நல்ல நேரம், ராகுகாலம் எல்லாம் வீட்டில் கிடையாது. சர்ச்சும் ஹாலும் ஒரே நாளில் காலியாக இருந்தால் அதுதான் எங்களுக்கு முகூர்த்தம். பக்கத்து வீட்டார் காலண்டரைப் புரட்டினால் அப்பா சிரிப்பார். ஆனால் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற இந்த மனிதர் தனக்கென்று ஒரு பஞ்சாங்கம் வைத்திருக்கிறார். ஒரு பழைய டைரி. ஒவ்வொரு தேதியின் பக்கத்திலும் அந்த நாளில் உலகத்தில் எந்த நூற்றாண்டில் எங்கே சண்டை நடந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். பிப்ரவரி 29-ஐக்கூட விடவில்லை.

சர்ச்சில் முதலில் ஆகஸ்ட் 10 கொடுத்தார்கள். "வேண்டாம் மக்கா, குளச்சல் சண்டை நடந்த நாளாக்கும்" என்றார். 1741-இல் திருவிதாங்கூர் ராஜா டச்சுக்காரர்களைத் தோற்கடித்த சண்டை. அதை ஜூலை 31 என்றுதானே கொண்டாடுகிறீர்கள் என்றேன். புத்தகங்களில் இரண்டு தேதியும் இருக்கிறதாம், அதனால் இரண்டும் கூடாதாம். ஒரே சண்டை இரண்டு நாளைத் தின்றுவிட்டது. போதாததற்கு 1792-இல் அதே ஆகஸ்ட் 10 அன்று பாரிஸில் அரண்மனையை வேறு தாக்கியிருக்கிறார்கள்.

அடுத்து ஆகஸ்ட் 26. 1071-இல் துருக்கியில் ஒன்று, 1346-இல் பிரான்சில் ஒன்று. அதுவும் போயிற்று. கடைசியாக செப்டம்பர் 2. கிறிஸ்துவுக்கு முன் கிரேக்கக் கடலில், 1898-இல் சூடானில், பிறகு 1945-இல் ஜப்பான் சரணடைந்தது. "அது சண்டை முடிஞ்ச நாளுதானே அப்பா?" என்று கத்தினேன். "முடிஞ்சுதுண்ணா அதுவரைக்கும் ஆளு செத்துதுண்ணுதானே அர்த்தம்" என்றார். நாங்கள் விவாதித்த நேரத்தில் வேறு வீட்டார் வந்து அந்த நாளையும் பிடித்துக்கொண்டார்கள்.

இந்த லட்சணத்தில், வருஷா வருஷம் ஜூலை 31-க்கு குளச்சல் வெற்றித்தூணுக்குப் போகிறவர், இந்தத் தடவை நானும் வர வேண்டும் என்றார். "ஒரு தடவ வந்து பாரு, பின்ன தேதி பேசுவோம்." வேறு வழியில்லாமல் கிளம்பினேன்.

காலை 6.40-க்கு வடசேரியில் பஸ். எனக்கு இலவசம், அப்பாவுக்கு இருபது ரூபாய். டிக்கெட் கொடுத்த கண்டக்டரின் பிறந்தநாளைக் கேட்டு, அன்று நடந்த ஒரு சண்டையை அப்பா சொன்னார். ஆள் குஷியாகி, "எனக்க பொண்டாட்டிக்கு செப்டம்பர் ஒண்ணு சாரே" என்றார். "ரெண்டாம் உலகப்போர் தொடங்கின நாளு" என்றார் அப்பா. "அது எனக்குக் கல்யாணம் முடிஞ்ச அன்னைக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் முன்னால் போனார். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சுமார் பதினைந்து கிலோமீட்டரில் புலியூர்க்குறிச்சி. அங்கே உதயகிரிக் கோட்டை. குளச்சலில் பிடிபட்ட டச்சுத் தளபதி பிறகு ராஜாவுக்கே படை பழக்கி, செத்து, இங்கேதான் புதைக்கப்பட்டார். அந்தக் கல்லறையை எனக்குக் காட்ட வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. 7.25-க்கு வாசலில் நின்றோம். பூட்டு. எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று விசாரிக்கவில்லையா என்றால், "பட்டாளத்துக்காரன் நேரத்துக்கு முன்ன நிக்கணும் மக்கா" என்று பதில். நின்றோம். எதிரே இரண்டு டீ குடித்தோம், மறுபடியும் நின்றோம். கோட்டை திறந்தது 9.10-க்கு.

பொழுது போகாமல் டைரியை வாங்கிப் புரட்டினேன். அப்போதுதான் பார்த்தேன். ஆகஸ்ட் 17-இல் நாலு வரி, 19-இல் மூன்று வரி, 18 வெறுமை. ஒரு எழுத்து இல்லை. எனக்கு விசில் அடிக்கத் தோன்றியது. உடனே ஜெபினுக்கு போன் போட்டேன். அவர் சர்ச்சில் விசாரித்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் கூப்பிட்டார். அந்த நாளில் இருந்த ஒரு கல்யாணம் தள்ளிப்போய்விட்டதாம், சர்ச்சும் ஹாலும் காலி. சர்ச்சில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து அறிவிக்கவும் நாள் சரியாக இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் உறுதி சொல்ல வேண்டும். இதைவிட்டால் என் லீவுக்குள் வேறு தேதியே கிடையாது.

"அப்பா, பதினெட்டு காலி" என்றேன்.

"அது எழுதல்ல" என்றார். கல்லறைக்கு முன்னால்கூட வாயைத் திறக்கவில்லை. இரண்டு மணி நேரம் காக்க வைத்துவிட்டுப் பார்த்தது பத்தே நிமிஷம்.

அங்கிருந்து குளச்சலுக்கு ஆட்டோ, 450 ரூபாய். பஸ்ஸில் போனால் தக்கலையில் இறங்கி மாற வேண்டும். வழியில் ஒரு சந்தேகம் வந்து, ஆகஸ்ட் 18-ஐ போனில் தேடினேன். 1870-இல் பிரான்சில் பெரிய சண்டை. லட்சக்கணக்கான பேர் மோதியிருக்கிறார்கள். அப்பாவுக்குத் தெரியாது போல என்று போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன்.

10.35-க்கு வெற்றித்தூண். மரியாதை செய்ய வந்த கூட்டம் எப்போதோ கலைந்துவிட்டது, பூட்டிய வாசலில் நின்ற புண்ணியம். ஆடி மாதக் கடல் இரைச்சலாக இருந்தது. அப்பா விறைத்து நின்று ஒரு சல்யூட் அடித்தார். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை, "போவோமா?" என்றார். இதற்கா விடியற்காலையில் எழுப்பினீர்கள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மண்டைக்காட்டுல ஒரு டீ குடிச்சிட்டுப் போவோம்" என்றார். ஐந்து கிலோமீட்டர். கோயிலிலிருந்து கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு சின்னக் கடை. நெற்றியில் நாமம் இட்ட ஒரு பெண் அப்பாவைப் பார்த்ததும், "வாங்கண்ணே, இந்த வருசம் நேரமாயிட்டு" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். தங்கம் சித்தி. அப்பாவோடு பட்டாளத்தில் இருந்த வைகுண்டமணி சித்தப்பாவின் மனைவி. அவர் இறந்துபோனார் என்று மட்டும் எனக்குத் தெரியும், நான் அப்போது ஒன்பது வயசுப் பிள்ளை.

"எப்பக் கல்யாணம் பிள்ளே?" என்று கேட்டார். நான் எரிச்சலை எல்லாம் கொட்டினேன். டைரி, துருக்கி, சூடான், இப்போது கிடைத்திருக்கிற ஆகஸ்ட் 18.

சித்தி பழம்பொரியை எண்ணெயிலிருந்து எடுத்து வடியவிட்டார். அப்பா கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த நாளாக்கும் எனக்க மாப்பிள்ள போனது" என்றார் சித்தி. "சண்டையில இல்ல. மலையில பனியில வண்டி உருண்டுது. பெட்டியக் கொண்டாந்தது ஒனக்க அப்பாதான்."

அப்பா மெதுவாகச் சொன்னார்: "ஆட்டோவுல நீ போனுல தேடினதப் பாத்தேன். 1870-ல பிரான்சுல நடந்தது எனக்குத் தெரியும் மக்கா. மத்த பக்கமெல்லாம் படிச்சத எழுதினேன். அந்தப் பக்கத்துல பேனாவ வைக்க முடியல்ல."

"வேண்டாம் சித்தி, விட்டிருவோம்" என்றேன். மனசார அப்படிச் சொன்னேனா என்று கேட்டால், இல்லை.

"என்னத்துக்கு விடணும்?" என்று சித்திக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் என் மேல் இல்லை, அப்பா மேல். "கேளுங்கண்ணே. வருசா வருசம் கொலச்சலுக்கு வந்தேன், அப்பிடியே எட்டிப் பாத்தேண்ணு வாறிய. சண்டைக்கு வாறியளா எனக்க வீட்டுக்கு வாறியளாண்ணு எனக்குத் தெரியாதா? ஆனா அந்த நாளைக்கு மட்டும் வரமாட்டிய. ஆருமே வரமாட்டாவ. நான் மட்டும் கடையப் பூட்டிட்டு உள்ள கெடக்கணும். எனக்கும் அன்னைக்கு எங்கயாவது போவணும்ணு இருக்காதா? பிள்ள கல்யாணத்த அன்னைக்கே வையுங்க. நான் வாறேன்."

அப்பாவின் டீ ஆறிப்போனது. பிறகு என்னிடம் பேனா கேட்டார். ஆகஸ்ட் 18 பக்கத்தில் வைகுண்டமணி சித்தப்பாவின் பெயரை எழுதினார். இன்னொரு வரிக்கு இடம் விட்டு, டைரியை என்னிடம் நீட்டினார். நான் இந்த வருஷத்தைப் போட்டு, என் பெயரையும் ஜெபின் பெயரையும் எழுதினேன். ஜெபினுக்கு போன் பண்ணியபோது மணி 12.20.

அப்பா மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. இதை ஒரு மாதத்துக்கு முன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உலகப் போர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். சொல்ல முடியாமல்தான் முன்னூற்று அறுபத்தைந்து பக்கம் எழுதியிருக்கிறார் என்றும் புரிகிறது. இரண்டும் சேர்ந்தேதான் இருக்கிறது.

போகிறவர்களுக்கு: உதயகிரிக் கோட்டை திறக்கும் நேரத்தை விசாரித்துவிட்டுப் போங்கள், எங்களைப் போல் நிற்காதீர்கள். ஜூலை 31-க்குத் தூணைப் பார்ப்பதென்றால் முதலில் குளச்சல், பிறகு கோட்டை. ஆடியில் கடலில் இறங்க வேண்டாம். மண்டைக்காட்டிலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ் தாராளமாக உண்டு, இருபது கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். கோயில் பக்கம் தங்கம் சித்தி கடையில் டீயும் பழம்பொரியும் நன்றாக இருக்கும். ஆகஸ்ட் 18 மட்டும் போகாதீர்கள். கடை வருஷா வருஷம் போல அன்றைக்கும் பூட்டியிருக்கும், ஆனால் சித்தி உள்ளே இருக்க மாட்டார்.