நாய்க்கு வந்த ட்ரையர் சத்தம்

எங்கடை வீட்டு நாய்க்கு ஒண்டுக்கும் பயமில்லை. அம்புலன்ஸ் கத்திக்கொண்டு போனாலும் ஆள் காதைக்கூட ஆட்டாது. மயிர் காயவைக்கிற ட்ரையர் எண்டால் மட்டும் சீவன் போயிடும்.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அதாலை இதைப் போனிலை கதைச்சுத்தான் பதிஞ்சு வைக்கிறன். கதைச்சால் நிப்பாட்டவும் தெரியாது எண்டு மகள் சொல்லுவாள். சொல்லட்டும். இஞ்சை லண்டனிலை, இல்ஃபோர்ட்டிலை, பகலிலை என்னோடை கதைக்க ஆர் இருக்கினம்? மகளும் மருமகனும் விடிய வேலைக்குப் போயிடுவினம். பார்சல் கொண்டுவாற பெடியன் கதவைத் தட்டுவான். நான் போய்த் திறக்கிறதுக்கிடையிலை பார்சலைப் படம் எடுத்துப்போட்டு ஓடிடுவான். நாய் கேட்டது பேத்திதான். கேட்டு வாங்கிப்போட்டு அவள் யூனிவர்சிட்டிக்குப் படிக்கப் போயிட்டாள், ஸ்கொட்லாந்துப் பக்கம். மிச்சம் நானும் நாயும். என்ன கறி வைக்கிறது, ஊரிலை ஆர் செத்தது, எல்லாம் ஆளிட்டைத்தான் சொல்லுறது. தலையைச் சரிச்சுக் கேக்கும். மருமகன் கூட அப்பிடிக் கேக்கமாட்டார்.

ஆளுக்குச் சுருட்டை மயிர். வடிவுதான், ஆனால் கழுவிப்போட்டு அடிவரைக்கும் காயவிடாட்டில் சடை விழுந்திடும். சடைக்குக் கீழை ஈரம் நிண்டு தோல் புண்ணாகும். துவாயாலை எவ்வளவு துடைச்சாலும் காயாது. அதுக்குத்தான் நாய் குளிப்பாட்டுற கடைக்குக் கொண்டுபோறது. அங்கை ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, நல்ல பொறுமைசாலி. அண்டைக்கு அவள் ட்ரையரைப் போட்டதுதான் தாமதம், ஆள் வெருண்டு அவளின்ரை கையைக் கவ்விப்போட்டுது. அடுத்தமுறையும் இப்பிடியெண்டால் தன்னாலை ஏலாது எண்டு சொல்லிட்டாள்.

வீட்டை வந்து மகள் சப்பாத்தையும் கழட்டாமல் சொன்னாள்.

"அம்மா, சவுத்தால் பக்கம் என்ரை சிநேகிதி ஒருத்தி நாய் வளக்கிறாள். இந்தமுறையும் சரிவராட்டில் அவளிட்டைக் குடுப்பம்."

நான் குனிஞ்சு பாத்தன். ஆள் என்ரை காலுக்குள்ளை படுத்திருந்துது.

ட்ரையர் இல்லாமலே காயவைச்சுக் காட்டுவம் எண்டு நினைச்சன். எங்களுக்கெல்லாம் தலை முழுகினால் சாம்பிராணிப் புகைதானே. அடுத்த நாள் ஆளைக் குளிக்கவாத்து, குசினியிலை ஒரு பழைய சட்டியிலை தணல் போட்டுச் சாம்பிராணி தூவினன். ஆள் தும்மிப்போட்டு நல்லா முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டுது. எனக்கெண்டால் பெரிய புழுகம், சந்தோசம் தாங்கேல்லை. அந்த நேரம் பாத்து முகட்டிலை இருக்கிற புகை அலாரம் கத்தத் துவங்கிட்டுது. ட்ரையர் எல்லாம் பிச்சை வாங்கவேணும், அப்பிடிச் சத்தம். அம்புலன்ஸுக்கும் அசையாத நாய் ஓடிப்போய் டொய்லெட்டுக்குப் பின்னாலை ஒளிச்சிட்டுது. நான் துவாயை வீசி வீசிக் கை உளைஞ்சு போனன்.

மகள் வந்து மணத்திலேயே பிடிச்சிட்டாள். "நாயை என்ன பிள்ளைப்பெத்தவள் எண்டு நினைச்சீங்களோ? பத்தியக்கறியும் வைச்சுக் குடுங்கோவன்." சிரிச்சாள்தான். ஆனால் சவுத்தால் கதையை விடேல்லை.

ஆளின்ரை பயம் எனக்கு விளங்கும். நான் முதல்முதல் லண்டனிலை வந்து இறங்கேக்கை, ஏர்போர்ட் டொய்லெட்டிலை கையைக் கழுவிப்போட்டுத் திரும்ப, சுவரிலை இருந்த கை காயவைக்கிற பெட்டி ஊளையிட்டுது. ஈரக்கையோடை ஓடிவந்து மகளைக் கட்டிப்பிடிச்சன். உப்பிடி ஒண்டு இருக்கெண்டு ஆரும் எனக்குச் சொல்லேல்லை. நாய்க்கும் ஆரும் சொல்லேல்லைத்தானே.

கடைப்பிள்ளை ஒரு வழி சொல்லியிருந்தவள். சத்தத்தைத் தூர வைச்சுக் கொஞ்சமாக் கேக்கவிட்டு, அப்ப பாத்து விருப்பமான சாப்பாடு குடுக்கவேணுமாம். பயந்தால் உடனை நிப்பாட்டவேணும், பிடிச்சு இழுக்கக்கூடாதாம். நல்ல வழி. ஆனால் மேல்மாடியிலை ட்ரையரைப் போட்டிட்டு இந்த முழங்காலோடை நான் கீழை இறங்கி வாறதுக்கிடையிலை ஆள் கதிரைக்குக் கீழை போயிடும். ரெண்டு பேர் செய்யிற வேலை அது. நான் ஒராள்.

அப்பத்தான் பேத்தியின்ரை ஞாபகம் வந்தது. போனிலை அவளின்ரை படத்தை அமத்திக் கேட்டன், நீ தலை காயவைக்கேக்கை அந்தச் சத்தத்தைப் பிடிச்சு அனுப்பு எண்டு.

"அம்மம்மா, சீரியஸ்ஸாவோ?"

"ஓம் பிள்ளை. உன்ரை நாயைக் குடுக்கப்போகினம்."

அனுப்பினாள். சத்தத்தை நல்லாக் குறைச்சுப்போட்டு, உப்பில்லாமல் அவிச்ச கோழியைப் பிச்சுப் பிச்சுக் குடுத்தன். ஆள் ஒருக்கால் என்னைப் பாக்கும், ஒருக்கால் போனைப் பாக்கும், பிறகு கோழியைத் தின்னும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டினன். அவளும் தலை முழுகிற நாளெல்லாம் புதுசு புதுசா அனுப்பினாள். முதல் வெறும் சத்தம்தான். பிறகு பிறகு ட்ரையருக்கு மேலாலை கதைக்கத் துவங்கினாள். தின்னப் பாண் முடிஞ்சுது, அறைக்காரப் பிள்ளை குறட்டை விடுறாள், வெளியிலை மழை எண்டு. பாதி இங்கிலீஷ். எனக்கு விளங்காட்டிலும் திருப்பித் திருப்பிப் போடுவன், நாய்க்குத்தானே.

போனுக்குப் பழகினாப்பிறகு மகளின்ரை ட்ரையரைப் பக்கத்திலை வைச்சன். முதல் சும்மா. பிறகு போட்டு. ஆள் எழும்பி நிண்டுது, ஓடேல்லை.

கடைக்குப் போற நாள் என்ரை பழைய சால்வையாலை காதைச் சுத்திக் கட்டிவிட்டன். தலைக்குத்துக்காரி மாதிரி இருந்துது. கடைப்பிள்ளை விழுந்து விழுந்து சிரிச்சாள். ட்ரையரைத் தூரப் போட்டுப்போட்டு மெல்ல மெல்லக் கிட்ட வந்தாள். ஆளுக்குக் கால் நடுங்கினதுதான். எண்டாலும் நிண்டுது, முழுக்கக் காயும்வரைக்கும். மகள் கடைக்கு வெளியிலை நிண்டே சிநேகிதிக்குப் போன் எடுத்து, வேண்டாம், நாய் எங்களோடையே இருக்கட்டும் எண்டு சொன்னாள். எனக்கு வீடு வரும்வரைக்கும் சிரிப்பு அடங்கேல்லை.

பின்னேரம் பேத்திக்குச் சொன்னன். அவளுக்கும் பெரிய சந்தோசம். "அப்ப இனி அனுப்பத் தேவையில்லைத்தானே, அம்மம்மா?"

"அனுப்பு பிள்ளை, ஆளுக்கு மறந்துபோம்" எண்டு சொன்னன்.

அனுப்புறாள். சத்தத்தைக் கூட்டிப் போட்டாலும் ஆள் இப்ப குறட்டை விட்டு நித்திரை. நான் பக்கத்திலை இருந்து முடியும்வரைக்கும் கேப்பன்.