நாற்பத்தொரு மைல் ஓடிய கார்

மரகதம் அக்காவுக்குப் பொய் வராது. நல்ல குணம்தான், பக்கத்து வீட்டில் குடியிருந்து பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும்.

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர். சோதனையே செய்யாமல் ரீடிங் எழுதி வந்த மாணவர்களின் நோட்டை ஜன்னல் வழியே வீசியிருக்கிறாராம். 1996-இல் கணவர் நஞ்சுண்டனோடு அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகருக்கு வந்தார். அவருக்கும் சரி, பக்கத்து வீட்டில் இருந்த எனக்கும் சரி, வேலைக்குப் போக விசாவில் அனுமதி கிடையாது. காலையில் நஞ்சுண்டன் அண்ணனும் என் கணவர் அபுதாஹிரும் ஆளுக்கொரு காரை எடுத்துக்கொண்டு போய்விட்டால், பால் வாங்கக்கூட இரண்டு மைல் நடக்க வேண்டும்.

அண்ணன் வேலை பார்த்தது, மின்சாரக் கார் செய்துபார்த்த ஒரு சின்னக் கம்பெனியில். மொத்தமே பன்னிரண்டு கார்கள்தான். ஊழியர் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்து, ஒருமுறை சார்ஜ் செய்தால் எவ்வளவு ஓடுகிறது என்று நோட்டில் எழுதித் தரச் சொன்னார்கள். அப்படித்தான் சோப்பு டப்பா போல ஒரு வெள்ளைக் கார் அக்காவிடம் வந்தது. சத்தமே போடாது. பெட்ரோல் கார் உறுமினாலே நடுங்குகிறவர், இதில் ஒரே மாதத்தில் லைசென்ஸ் வாங்கிவிட்டார்.

அப்புறம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. லைப்ரரி, கோயில், கடற்கரை என்று சுற்றினார். நான் உண்டாகியிருந்தபோது, ஸ்கேனுக்கெல்லாம் கூட்டிப்போனது அவர்தான். ஃப்ரீவேயில் ஏறும்போது வாய்விட்டுச் சிரிப்பார். இந்த ஊருக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்தது அந்தக் காருக்குள் மட்டும்தான்.

டிசம்பரில் குளிர் வந்தது. எழுபது மைல் போகும் என்று கம்பெனி சொன்ன கார், ஹீட்டர் போட்டால் நாற்பத்தொன்றில் நின்றது. அண்ணன் கெஞ்சியபோது நானும் அங்கேதான் இருந்தேன்.

"கொஞ்சம் ரவுண்ட் பண்ணி எழுது மரகதம். மத்த வீட்ல எல்லாம் அறுபத்தஞ்சுன்னு போட்றாங்க."

"நாப்பத்தொண்ணு ஓடுச்சு. நாப்பத்தொண்ணுதானுங்க எழுதுவேன்."

மார்ச்சில், கம்பெனியில் பணம் போட இருந்தவர்கள் ஒரு நிபுணரை அனுப்பினார்கள். அவர் கார்களை ஓட்டிப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு நோட்டுகளில் ஒன்றைத்தான் நம்பலாம் என்று எழுதிக் கொடுத்தார். அது அக்காவின் நோட்டு. பணம் வரவில்லை, கம்பெனியை மூடிவிட்டார்கள். கார்களை வெளியே விற்றால் நாளைக்கு ஏதாவது பழுதாகி யாராவது வழக்குப் போடுவார்கள் என்று, எல்லாவற்றையும் நசுக்கிவிட முடிவு செய்தார்கள். விலைக்குத் தாருங்கள் என்று அக்கா மூன்று கடிதம் எழுதினார். ஒன்றுக்கும் பதில் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை லாரி வந்தது. கார் மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டே அக்கா கேட்டார்.

"நிஷா, நானு எழுதுனது தப்பா கண்ணு?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு வேண்டியிருந்தது. எனக்கோ வியாழக்கிழமை ஸ்கேன். இனி யார் கூட்டிப்போவார்கள் என்ற எரிச்சல்தான் முன்னால் வந்தது.

"கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்கலாம்லக்கா" என்றேன்.

அக்கா தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அண்ணனுக்கு வேறு வேலை கிடைத்து, அடுத்த மாதமே டெக்சஸில் ஆலன் என்ற ஊருக்குப் போனார்கள். இப்போதும் போன் பண்ணினால் என் பையன் ஆகிப் எப்படி இருக்கிறான் என்று முதலில் கேட்பார். அந்தக் காரைப் பற்றி மட்டும் பேசமாட்டார். நானும் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.